கார்டியோவுக்கு முன் ஒரு ஸ்கூப் தேவையா?

உடற்பயிற்சிக் கூடங்களில் புரோட்டீன் டப்பாவுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு டப்பாவும் இடம்பிடித்துவிட்டது. ‘ப்ரீ-வொர்க்அவுட்’ என்று அதற்குப் பெயர். பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு ஒரு ஸ்கூப் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் உடம்பில் வேகம் ஏறும், களைப்பு தெரியாது, வழக்கத்தைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்கிறது விளம்பரம். எடை தூக்குபவர்களுக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கம் ட்ரெட்மில் பக்கமும் வந்துவிட்டது. தொப்பையைக் குறைக்க ஓடுபவர், டாக்டர் சொல்லி வேகநடை நடப்பவர், முதல் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர் எனப் பலரும் ‘நானும் எடுக்கலாமா?’ என்று கேட்கிறார்கள். கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலோ பெரும்பாலும் பயிற்சியாளரின் அனுபவம் அல்லது கடைக்காரரின் பரிந்துரைதான். ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. அந்த ஸ்கூப்பில் இருப்பவற்றுள் கார்டியோவுக்கு அன்றைக்கே உதவுவது அநேகமாகக் காஃபீன் ஒன்றுதான். அது காபியிலேயே இருக்கிறது. மற்றவற்றை நம்பி, உள்ளே என்ன எவ்வளவு இருக்கிறதென்று உறுதியாகத் தெரியாத ஒரு கலவையை, இதயம் வேகமெடுக்கப்போகும் நேரத்தில் குடிப்பது பெரும்பாலோர்க்கு வேண்டாத வேலை. இந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்கிறோம், இதற்கு எதிராக என்னென்ன சொல்லலாம் என்பதைப் பார்ப்போம்.

டப்பாவின் பின்பக்கம்

முதலில் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படிக்க வேண்டும். காஃபீன், பீட்டா-அலனைன், சிட்ருலின் மாலேட், கிரியேட்டின், டாரின், டைரோசின், நியாசின், பீட்ரூட் சாறு, ஏதேனும் ஒரு மூலிகைச் சாறு என்று அது நீளும். அமெரிக்கச் சந்தையில் முன்னணியில் இருந்த 100 ப்ரீ-வொர்க்அவுட் பொருட்களின் லேபிள்களைத் தொகுத்து 2019இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. காஃபீன் அளவை வெளிப்படையாகச் சொன்ன பொருட்களில் ஒரு வேளைக்குச் சராசரியாக 254 மில்லிகிராம் இருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. பட்டியலிட்ட சேர்மானங்களில் 44 சதவீதம் ‘எங்கள் தனிக் கலவை’ என்ற தலைப்பின் கீழ் ஒட்டுமொத்த எடையாக மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தன. பெயர் உண்டு, அளவு கிடையாது. ஒரு சேர்மானம் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு விடை எப்போதும் அளவில்தான் இருக்கிறது. 3 கிராம் உள்ளே போனால் பயன்தரும் ஒன்று 300 மில்லிகிராமில் வெறும் அலங்காரம். அளவை மறைக்கும் லேபிளைப் பார்த்து, ஆய்வில் நிரூபணமானது என்று எவரும் சொல்ல முடியாது. ஆய்வு நடந்தது ஒரு குறிப்பிட்ட அளவில். டப்பாவில் இருப்பது எந்த அளவு என்று தெரியவில்லை.

காஃபீன் வேலை செய்கிறது; எவ்வளவு?

காஃபீனைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட் காஸ்டிலும் சகாக்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. ஒன்பது சைக்கிள் வீரர்கள், தங்கள் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டில் 80 சதவீதம் தேவைப்படும் வேகத்தில், இனி முடியாது என்று நிறுத்தும்வரை மிதித்தார்கள். ஒரு மணி நேரம் முன்பு காஃபீன் நீக்கிய காபி குடித்த நாளில் சராசரியாக 75.5 நிமிடம் தாங்கினார்கள். 330 மில்லிகிராம் காஃபீன் கலந்த காபி குடித்த நாளில் 90.2 நிமிடம். உடம்பு கொழுப்பை அதிகம் எரித்து, தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜனை மிச்சப்படுத்துவதால்தான் இப்படி நடக்கிறது என்று அன்று கருதினார்கள். பிற்கால ஆய்வுகள் மூளையைச் சுட்டின. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள்தான் நமக்குச் சோர்வைத் தெரிவிக்கிறது. அது போய் அமரும் ஏற்பிகளில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. சோர்வு வரத்தான் செய்கிறது; அதன் தகவல் போய்ச் சேர்வது தடைபடுகிறது. 2005இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, காஃபீன் எடுத்தவர்கள் அதே உழைப்பை ஏறத்தாழ 5.6 சதவீதம் குறைந்த சிரமமாக உணர்ந்தார்கள்.

ஆனால் ‘இனி முடியாது’ என்று நிற்கும்வரை மிதிப்பது ஒன்று, குறித்த தூரத்தை எவ்வளவு விரைவாகக் கடக்கிறோம் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் நிஜ ஓட்டத்துக்கு நெருக்கமானது. அந்த அளவுகோலில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான தொகுப்பாய்வு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் காஃபீன் எடுத்தால் முடிக்கும் நேரம் சராசரியாக 2 சதவீதத்தைச் சற்றே தாண்டிக் குறைகிறது என்று கண்டது. ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடும் ஒருவருக்கு இது ஏறத்தாழ ஒன்றேகால் நிமிட லாபம். பதக்கத்துக்கு ஓடுபவருக்கு அது மிகப்பெரிய தொகை. மாலையில் நாற்பது நிமிடம் ட்ரெட்மில்லில் நடப்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அந்தச் சராசரிக்குள்ளும் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு உண்டு. காஃபீனைக் கல்லீரலில் உடைக்கும் நொதிக்குரிய மரபணு எல்லோருக்கும் ஒரே வடிவில் இல்லை. கனடாவில் 101 விளையாட்டு வீரர்களை வைத்து 10 கிலோமீட்டர் சைக்கிள் சோதனை நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வேகமாக உடைக்கும் வகையினர் காஃபீனால் முன்னேறினார்கள். மிக மெதுவாக உடைக்கும் வகையினர் கிலோவுக்கு 4 மில்லிகிராம் எடுத்தபோது, காஃபீன் எடுக்காதபோது இருந்ததைவிடப் பின்னடைந்தார்கள். பக்கத்தில் ஓடுபவருக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம்பிக்கையின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது. 2006இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிறிஸ் பீடியும் சகாக்களும் ஆறு சைக்கிள் வீரர்களிடம், இன்று உங்களுக்குக் காஃபீன் இல்லை, இன்று நடுத்தர அளவு, இன்று அதிக அளவு என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் போலி மாத்திரைகளைக் கொடுத்தார்கள். எதிலும் காஃபீன் இல்லை. இல்லை என்று நம்பிய நாளில் மிதிக்கும் திறன் 1.4 சதவீதம் இறங்கியது. நடுத்தர அளவு என்று நம்பிய நாளில் 1.3 சதவீதமும், அதிக அளவு என்று நம்பிய நாளில் 3.1 சதவீதமும் ஏறியது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பளபளக்கும் டப்பா, நாக்கைச் சுண்டும் புளிப்பு, காதுமடலில் ஊரும் குறுகுறுப்பு ஆகியவற்றோடு வரும் ஒரு பொருளால் ‘வித்தியாசம் தெரியுது’ என்று ஒருவர் சொல்லும்போது, அந்த வித்தியாசத்தில் எத்தனை பங்கு பவுடருடையது, எத்தனை பங்கு எதிர்பார்ப்புடையது என்று யோசிக்க இது இடம் தருகிறது.

அந்தக் காஃபீன் டப்பாவிலிருந்துதான் வர வேண்டுமா? பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 2013இல் எட்டுப் பயிற்சிபெற்ற வீரர்களை வைத்து இதையே நேரடியாகச் சோதித்தார்கள். தூய காஃபீன் எடுத்த நாளில் சோதனையை முடிக்க 38.35 நிமிடமும், அதே அளவு காஃபீன் உள்ள காபி குடித்த நாளில் 38.27 நிமிடமும் பிடித்தது. காஃபீன் நீக்கிய காபி குடித்த நாளிலும் போலி பானம் குடித்த நாளிலும் 40 நிமிடத்தைத் தாண்டியது. 1998இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு மாத்திரைதான் உதவியது, காபி உதவவில்லை என்று இதற்கு எதிராகச் சொன்னது. ஆகவே இந்த வழக்கு முற்றிலும் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காபியால் பலன் இல்லை, பவுடரால்தான் உண்டு என்று வாதிட இன்று வலுவான சான்று இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களின்படி, 150 மில்லிலிட்டர் வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 180 மில்லிகிராம் வரும். திடமான டிகாக்‌ஷனில் போட்ட இரண்டு கப் காபி அந்த அளவைத் தொட்டுவிடும்.

மற்ற சேர்மானங்களின் கதை

பட்டியலில் அடுத்து நிற்கும் பீட்டா-அலனைன் போலிச் சரக்கு இல்லை. தசைக்குள் கார்னோசின் என்ற பொருளின் இருப்பைக் கூட்டி, கடும் உழைப்பில் தசை அமிலமயமாவதை அது தணிக்கிறது. ஆனால் அதற்குத் தினமும் 4 முதல் 6 கிராம் வீதம் குறைந்தது இரண்டிலிருந்து நான்கு வாரம் தொடர்ந்து எடுக்க வேண்டும். ஓடப்போகும் முன் குடிக்கும் ஒரு ஸ்கூப் அன்றைய ஓட்டத்துக்கு எதுவும் செய்வதில்லை. அதன் பலன் தெளிவாகத் தெரிவதும் ஒரு நிமிடம் முதல் நான்கு நிமிடம் வரை நீடிக்கும் உச்சபட்ச உழைப்பில்தான். 800 மீட்டர் ஓட்டமும் 200 மீட்டர் நீச்சலும் அந்த வகை. நாற்பது நிமிடச் சீரான ஓட்டத்தில் தசையைத் தடுத்து நிறுத்துவது அமிலமயமாதல் அன்று. குடித்துச் சற்று நேரத்தில் முகத்திலும் காதிலும் கையிலும் ஊரும் அந்தக் குறுகுறுப்பு இதன் பக்கவிளைவுதான். பவுடர் ‘பிடிக்கிறது’ என்பதற்கு அடையாளமாகப் பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். தோலின் நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வரும் அந்த உணர்வுக்கும் ஓட்டத் திறனுக்கும் தொடர்பில்லை. நியாசின் சேரும்போது தோல் சிவந்து சூடாவதும் அப்படித்தான். கிரியேட்டினும் நன்கு சோதிக்கப்பட்ட பொருள். ஆனால் அது உதவுவது சில விநாடிகள் நீடிக்கும் வெடிப்பான முயற்சிகளுக்கு. அதையும் தினமும் 3 முதல் 5 கிராம் எடுத்துச் சேமிப்பைக் கூட்ட வேண்டும். தசையில் நீர் தங்குவதால் ஓரிரு கிலோ எடை கூடுவதும் உண்டு, நெடுந்தூரம் ஓடுபவருக்கு அது சுமை. சிட்ருலின் இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கு மூலப்பொருள் என்றாலும், கார்டியோவில் அதன் பலன் குறித்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

இவற்றுள் கார்டியோவோடு நேரடி உறவுள்ளது நைட்ரேட். இங்கிலாந்தின் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழுவினர் 2009இல் எட்டு ஆண்களுக்குத் தினமும் அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்துச் சோதித்தார்கள். அதே வேகத்தில் மிதிக்க அவர்களுக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் குறைந்தது. கடும் வேகத்தில் தாங்கும் நேரம் 583 விநாடியிலிருந்து 675 விநாடியாக உயர்ந்தது. ஒரே வேலைக்குக் குறைந்த ஆக்சிஜன் போதும் என்பது உடலியக்கவியலில் அதுவரை அசைக்க முடியாததாகக் கருதப்பட்ட ஒரு கணக்கையே அசைத்தது. நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றினால்தான் இது நடக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் மவுத்வாஷ் கொப்பளித்தால் இந்தப் பாதை அடைபடும். பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குடிக்க வேண்டும். உச்சத்தில் இருக்கும் வீரர்களுக்குப் பலன் குறைவு, சாதாரணப் பயிற்சியாளருக்குச் சற்று அதிகம். 2018இல் சர்வதேச ஒலிம்பிக் குழு நிபுணர்களைக் கொண்டு வெளியிட்ட கருத்தறிக்கை, விளையாட்டுத் திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல சான்று உள்ளவை என்று காஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா-அலனைன், சோடியம் பைகார்பனேட் ஆகிய ஐந்தை மட்டுமே ஏற்றது. சந்தையில் ஆயிரக்கணக்கில் பெயர்கள் உலவ, தேறியவை ஐந்து. அந்த ஐந்திலும் ஒவ்வொன்றுக்கும் தனி அளவு, தனி நேரம், தனி வகை உழைப்பு. காஃபீனுக்கு ஒரு மணி நேரம் முன்பு, நைட்ரேட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, பீட்டா-அலனைனுக்கும் கிரியேட்டினுக்கும் வாரக்கணக்கில். எல்லாவற்றையும் ஒரே ஸ்கூப்பில் போட்டு அரைமணி நேரம் முன்பு குடி என்பது இந்த ஆய்வுகளிலிருந்து பிறந்த யோசனையாக இருக்க முடியாது. விற்பனைக்கு வசதியான யோசனை அது.

இதயத்தின் பக்கம்

பயன் சிறியது, ஆனாலும் கெடுதல் இல்லையென்றால் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் கார்டியோவின் தன்மை முக்கியமாகிறது. எடைப் பயிற்சியில் ஒரு சுற்று முடிந்ததும் ஓய்வு உண்டு. கார்டியோவில் இதயம் அரைமணி, ஒரு மணி நேரம் இடைவிடாமல் உயர்ந்த துடிப்பில் ஓடுகிறது. உடல் வெப்பமும் ஏறுகிறது. அந்த நேரத்துக்குச் சரியாக உச்சத்தைத் தொடும்படி ஒரு கிளர்ச்சிப் பொருளைக் கொடுக்கிறோம். நம் ஊரில் கார்டியோ செய்பவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம்; 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நடைக்கும் ஓட்டத்துக்கும் வருகிறவர்களில் பெரும்பகுதி இந்தக் காரணத்துக்காகவே வருகிறார்கள். தனக்கு அழுத்தம் இருப்பதே தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 200 முதல் 300 மில்லிகிராம் காஃபீன் எடுத்தால் மேல் அழுத்தம் சராசரியாக 8 புள்ளியும் கீழ் அழுத்தம் 6 புள்ளியும் ஏறி, குறைந்தது மூன்று மணி நேரம் அப்படியே நிற்கிறது என்று 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஒரு ஸ்கூப்பின் சராசரி அளவு அந்த எல்லைக்குள்தான் விழுகிறது. அழுத்தத்தைக் குறைக்கச் செய்யும் பயிற்சிக்கு முன்னால், அழுத்தத்தைக் கூட்டும் ஒன்றைக் குடிப்பதில் நியாயம் எதுவும் இல்லை.

லேபிளில் போட்டிருக்கும் அளவாவது உண்மையா? ஆஸ்திரேலியாவில் பிரபலமான 15 ப்ரீ-வொர்க்அவுட் பொருட்களைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரு வேளையில் இருந்த காஃபீன் 91 மில்லிகிராம் முதல் 387 மில்லிகிராம் வரை வேறுபட்டது. லேபிளில் சொன்னதோடு ஒப்பிட்டால் சிலவற்றில் 59 சதவீதம்தான் இருந்தது, சிலவற்றில் 176 சதவீதம். இந்தியாவில் பாட்டிலில் விற்கும் காஃபீன் பானங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கும் திடமான ஒரு ஸ்கூப், அந்த வரம்பைத் தொடும் பானத்தை ஒரு லிட்டர் குடிப்பதற்குச் சமம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரே வேளையில் 200 மில்லிகிராம் வரை ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் கவலையில்லை என்கிறது. நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். நம் நாட்டு வழிகாட்டுதல் ஒரு நாளுக்கே 300 மில்லிகிராமில் நிறுத்தச் சொல்கிறது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகக் காபி குடிக்கும் ஒருவர் நடுவில் ஒரு ஸ்கூப்பும் சேர்த்தால் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுவார்.

லேபிளிலேயே ஆபத்தான பொருள் இருந்த காலமும் உண்டு. அது வெகுதூரத்தில் இல்லை. எஃபெட்ரா என்ற தாவரச் சாறு அமெரிக்காவில் எடைக் குறைப்பு மாத்திரைகளில் தாராளமாக இருந்தது. 2003இல் 23 வயது பேஸ்பால் வீரர் ஒருவர் வெயிலில் பயிற்சியின்போது சுருண்டு விழுந்து வெப்பத் தாக்குதலால் இறந்தார். அதில் எஃபெட்ராவுக்கும் பங்கு உண்டு என்று பிரேதப் பரிசோதனை அதிகாரி தெரிவித்தார். மறு ஆண்டு எஃபெட்ரா தடைசெய்யப்பட்டது. அந்த இடத்தைப் பிடித்தது டிஎம்ஏஏ என்னும் மெத்தில்ஹெக்ஸனமைன். 2010இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் அது ஏறியது. அதே ஆண்டு டெல்லி காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன்பு இந்திய விளையாட்டு வீரர்கள் சிலரின் சோதனையில் அது கண்டறியப்பட்டு வாய்ப்புப் பறிபோனது. 2012 ஏப்ரலில் லண்டன் மாரத்தானில் ஓடிய 30 வயதுப் பெண் ஒருவர், முடிவுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் விழுந்து இறந்தார். டிஎம்ஏஏ கலந்த ப்ரீ-வொர்க்அவுட் பவுடரில் ஒரு ஸ்கூப்பைத் தண்ணீர் பாட்டிலில் கலந்து வைத்திருந்தார். கடும் உழைப்போடு அந்தப் பொருளும் சேர்ந்தே இதயம் நின்றதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று விசாரணை அதிகாரி 2013இல் தீர்ப்பளித்தார். அந்தப் பவுடர் திருட்டுச் சரக்காக விற்கப்படவில்லை. கடைகளில் கிடைத்த, பலரும் சாதாரணமாக வாங்கிய பண்டம் அது. ஒரு பொருள் ஆபத்தானது என்று தெரிந்து, தடை வந்து, அலமாரியிலிருந்து இறங்க ஆண்டுகள் பிடிக்கின்றன. அதற்குள் அடுத்த பெயரில் அடுத்த பொருள் வந்துவிடுகிறது. காபிக்கு நூற்றாண்டுக் கணக்கில் மனித அனுபவம் இருக்கிறது. இந்தக் கலவைகளுக்கு அது இல்லை.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராக எழும் வாதங்களில் சில வலுவானவை. முதலாவது, காபியிலும் காஃபீன் அளவு கூடிக் குறையத்தானே செய்கிறது என்பது. உண்மைதான். டிகாக்‌ஷனின் திடத்தையும் காபிப்பொடியில் சிக்கரி எவ்வளவு என்பதையும் பொறுத்து அளவு மாறும். ஆனால் அந்த வேறுபாடு சில பத்து மில்லிகிராம்களுக்குள் நிற்கிறது. ஒரு கப்பில் 387 மில்லிகிராம் வந்துவிடாது. பெயர் தெரியாத இன்னொரு கிளர்ச்சிப் பொருளும் அதில் ஒளிந்திருக்காது. இரண்டாவது, காஃபீன் இல்லாத ‘ஸ்டிம்-ஃப்ரீ’ வகைகள் இருக்கின்றனவே என்பது. இதயத்தைப் பொறுத்தவரை அவை பாதுகாப்பானவைதாம். ஆனால் அன்றைக்கே வேலை செய்யும் ஒரே பொருளை எடுத்துவிட்ட பிறகு அந்த ஸ்கூப் கார்டியோவுக்கு எதற்கு? நைட்ரேட் வேண்டுமென்றால் பீட்ரூட்டும் கீரையும் சந்தையில் கிடைக்கின்றன. மூன்றாவது, மூன்றாம் தரப்பு ஆய்வகச் சான்று பெற்ற பொருட்கள் உள்ளன என்பது. ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் வீரர்களுக்கு அந்தச் சான்று அவசியம், அதை மதிக்கிறேன். ஆனால் சான்று சொல்வது உள்ளே தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை என்பதைத்தான். உள்ளே இருப்பது உங்கள் அரைமணி நேர ஓட்டத்துக்குத் தேவையா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நான்காவது வாதம் கொழுப்பு எரிப்பு. ஸ்பெயினின் கிரனடா பல்கலைக்கழகத்தில் 15 ஆண்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீன் எடுத்தால் கொழுப்பு எரியும் உச்ச வேகம் காலையில் ஏறத்தாழ 11 சதவீதமும் மாலையில் 29 சதவீதமும் கூடியதாகச் சொன்னது. எண்களாகக் கேட்கும்போது பிரமிப்பாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிதமான ஓட்டத்தில் ஒருவர் நிமிடத்துக்கு அரை கிராம் கொழுப்பு எரிக்கிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அரைமணி நேரத்தில் 29 சதவீதக் கூடுதல் என்பது நான்கரை கிராமுக்கும் குறைவு. ஏறத்தாழ 40 கலோரி. ஒரு சின்ன இட்லியின் அளவு. பயிற்சி நேரத்தில் கொழுப்பைச் சற்று அதிகமாக எரித்தால் மீதி நேரத்தில் உடம்பு மாவுச்சத்தை அதிகம் எரித்துச் சமன்செய்துகொள்ளும். எடை இறங்குவதை நாள் முழுவதன் கணக்கு தீர்மானிக்கிறது. பயிற்சிக்கு முன் குடித்த பவுடருக்கு அதில் சொல்லத்தக்க பங்கு கிடையாது.

ஐந்தாவது வாதம்தான் மனிதர்களுக்கு மிக நெருக்கமானது: ‘வேலை முடிந்து களைத்து வருகிறேன், இது இல்லாவிட்டால் ஜிம்முக்கே போக மாட்டேன், போகாமல் இருப்பதைவிட இது மேல் இல்லையா?’ இதை இலேசாக ஒதுக்கக் கூடாது. பயிற்சியைத் தொடர்வதே எல்லாவற்றிலும் பெரிது. ஆனால் அந்தக் களைப்பின் காரணம் பெரும்பாலும் தூக்கக் குறைவு, பட்டினி, நீர்க்குறைவு இவற்றில் ஒன்றாக இருக்கும். காஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறித்துவிட்டதாக அமெரிக்காவில் 2013இல் வந்த ஆய்வு காட்டியது. மாலை ஏழு மணிக்கு ஸ்கூப், நள்ளிரவு தாண்டியும் வராத தூக்கம், மறுநாள் இன்னும் களைப்பு, மாலையில் மறுபடி ஸ்கூப் என்ற சுற்றில் மாட்டியவருக்கு, தான் தீர்க்கும் பிரச்சினையைத் தானே உண்டாக்குகிறது இந்தப் பவுடர். தினமும் எடுத்தால் காஃபீனின் பலனே மங்கிவிடுமா என்பதில் ஆய்வுகள் இரண்டுபட்டு நிற்கின்றன. பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில் 28 நாள் தொடர்ந்து எடுத்த பிறகு பலன் கரைந்துபோனது. பிரேசிலில் நடந்த இன்னொன்று, வழக்கமாக அதிகம் குடிப்பவர்களுக்கும் பலன் குறையவில்லை என்றது. எது சரியானாலும், தினமும் சாய்ந்து நிற்க வேண்டிய ஒன்றாக அதை ஆக்கிக்கொள்வதில் லாபம் இல்லை.

கார்டியோ எதற்காக?

இந்த எதிர்வாதங்களுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய கேள்வி கிடக்கிறது. கார்டியோவால் நமக்குக் கிடைப்பது என்ன? 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹோலோசி, வாரக்கணக்கில் ட்ரெட்மில்லில் ஓடவிட்ட எலிகளின் தசையில், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறத்தாழ இருமடங்காகப் பெருகியதைக் கண்டார். கார்டியோவின் பலன் இப்படித்தான் வருகிறது: தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகும், நுண் இரத்தக் குழாய்கள் கிளைக்கும், இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தம் கூடும். வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே நடக்கும் மாற்றங்கள் இவை. ஒரு நாள் ஓட்டம் ஒன்றேகால் நிமிடம் சீக்கிரம் முடிந்ததா இல்லையா என்பது இந்தக் கணக்கில் சேராது. போட்டியில் பந்தயம் அன்றைய நேரத்துக்கு. பயிற்சியில் பந்தயம் ஆறு மாதத்துக்குப் பிறகான உடம்புக்கு. ப்ரீ-வொர்க்அவுட் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் முதலாவதை அளக்கின்றன. வாங்குபவரோ இரண்டாவதை நினைத்து வாங்குகிறார்.

இன்னொரு விஷயமும் உண்டு. கார்டியோவில் வேகத்தை நிர்ணயிக்க நம்மிடம் இருக்கும் நல்ல கருவி, உடம்பு சொல்லும் சிரம உணர்வு. ஓடிக்கொண்டே இரண்டு மூன்று வாக்கியம் பேச முடிந்தால் வேகம் மிதம், மூச்சு வாங்கி வார்த்தை தடுமாறினால் வேகம் கூடுதல் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதை நம்பித்தான். காஃபீன் முதலில் கை வைப்பது இந்த உணர்வின் மீதுதான். தேர்ந்த ஓட்டக்காரர் தன் வேகத்தையும் துடிப்பையும் மனப்பாடமாக அறிந்தவர். அவருக்கு அது சாதகம். புதிதாகத் தொடங்குபவருக்கு, அதிலும் சென்னையின் மே மாத வெயிலிலும் புழுக்கத்திலும் ஓடுபவருக்கு, ‘போதும், நிறுத்து’ என்று உடம்பு கொடுக்கும் குரலை அடக்குவது சாதகமாகாது. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாவது போன்ற எச்சரிக்கைகளைக்கூட ‘பவுடர் ஏறியிருக்கு’ என்று எண்ணி ஓட்டத்தைத் தொடரும் அபாயமும் இதில் இருக்கிறது.

ஆகவே செய்யத்தக்கது

வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான கார்டியோ என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அந்த அளவில் நடக்கிறவருக்கும் ஓடுகிறவருக்கும் தண்ணீர், நேரத்துக்கு உணவு, போதிய தூக்கம் இவற்றைத் தாண்டி எதுவும் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு இடையில் உணவுகூட வேண்டாம். அதற்கு மேல் நீண்டால் உடம்பு கேட்பது மாவுச்சத்தையும் உப்பையும்: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, வியர்வைக்கு ஏற்பத் தண்ணீர். வாழைப்பழம், பேரீச்சை, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஆகியவை இந்த வேலையைச் செய்துவிடும். பல ப்ரீ-வொர்க்அவுட் பவுடர்களில் மாவுச்சத்தே இருப்பதில்லை. காஃபீன் வேண்டும் என்பவர், ஆரோக்கியமானவராக இருந்தால், போட்டி நாளிலோ வாரத்தின் கடினமான ஒரு பயிற்சிக்கோ ஒரு மணி நேரம் முன்பு பால் குறைத்தோ பால் இல்லாமலோ ஒன்று இரண்டு கப் காபி குடிக்கலாம். முதல் முறையைப் போட்டி நாளுக்கு ஒத்திவைக்காமல் பயிற்சி நாளிலேயே பார்த்துவிட வேண்டும், பிற்பகலுக்கு மேல் தவிர்க்க வேண்டும், அன்றைய மற்றக் காபி டீயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, பதற்ற நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் பவுடரையும் தொடக் கூடாது, பயிற்சிக்கு முன் கூடுதல் காபியும் கூடாது. சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் கருத்தடை மாத்திரைகளும் காஃபீன் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பவுடரைப் பரிந்துரைக்கும் பயிற்சியாளரிடம் பெற்றோர் துணிந்து ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும்.

ஒரு பொருளை வாங்கச் சொல்பவர்தான் அதன் தேவையை நிரூபிக்கக் கடமைப்பட்டவர். போட்டியாளருக்குக் காஃபீன் தேவை என்பது நிரூபணமாகியிருக்கிறது. சாதாரணமாகக் கார்டியோ செய்பவருக்கு ஒரு டப்பா கலவை தேவை என்பதை ஐம்பது ஆண்டு ஆய்வு நிரூபிக்கவில்லை. மாதந்தோறும் அந்த டப்பாவுக்குப் போகும் பணம் கால் பாதத்துக்குப் பொருந்தும் நல்ல ஷூவுக்கும், ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதயமும் சோதிப்பதற்கும் போகட்டும். ஓட்டத்தை நீண்ட நாள் தொடர அவை உதவும். அப்படித் தொடர்வதில்தான் கார்டியோவின் பலன் முழுவதும் இருக்கிறது.